பாத்தியளா, நெனச்சியளா

அவளிடம் எதைச் சொன்னாலும் முதலில் அந்தக் கேள்விதான் வரும். "பாத்தியளா அக்கா, நெனச்சியளா?" கேன்டீனில் வடை தீர்ந்துவிட்டது என்றால் கேட்பாள். ஸார் இன்றைக்கு வரமாட்டார் என்றால் கேட்பாள். ஒரு நாள், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதற்கும் கேட்டுவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். குத்திக்காட்டுகிற தொனியே அதில் இருக்காது. மளிகைக் கடையில் பெருங்காயம் கட்டியா பொடியா என்று கேட்பார்களே, அந்த மாதிரி. நினைத்ததுதான் என்று சொன்னால் கோபப்பட மாட்டாள். தானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பார்த்தேன் என்று சொல்லிவிட்டாலோ அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அப்படியே நம்பிவிடுவாள். கேள்வியை விட இந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்தியது.

வளிமண்டல இயற்பியலில் ஸாரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தாள். பாறசாலைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபைக் குடும்பம். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். நான் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளர், வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. திருவனந்தபுரம் வலியசாலையில் வீடு. தம்பானூர் வரை நடந்து அங்கே பஸ் பிடிப்பேன். நான் "பாத்தேளா" என்பேன், அவள் "பாத்தியளா" என்பாள். பக்கத்து மேஜை மலையாளிப் பிள்ளைகள் இரண்டையும் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளை விட எனக்குப் பத்து வயது கூடுதல். ஆனாலும் அந்த அறையில் நான் மதிப்பெண் வாங்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரித்தான் இருந்தேன்.

மழை பெய்கிறதா என்று யாராவது கேட்டால் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டாள். வராந்தாவுக்குப் போய் உள்ளங்கையை வெளியே நீட்டுவாள். நனைந்த கையோடு திரும்பி வந்து, "பெய்யுது" என்பாள். எதிரே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இதைத்தான் செய்வாள். "தெரியறதே, எதுக்குடீ கையை நனைக்கறே?" என்று கேட்டிருக்கிறேன். "ஓட்டுத் தண்ணியா இருந்தா?" என்றாள்.

இதைக் கேட்டு அவளைத் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்தவர்களில் அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி வேறு யாரும் இல்லை. லிஃப்டுக்குப் பயம், பல்லிக்குப் பயம், ஸாருடைய செருப்புச் சத்தத்துக்குப் பயம். இடிக்கோ பெரும் பயம். துலா மாதத்து, அதாவது ஐப்பசி, மத்தியானங்களில் மலையின் மேல் கட்டுகிற இடிமேகங்களைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. அந்த மேகம் ஊருக்குள் வந்து ஒரு முறை முழங்கினால் போதும், நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். உதடு ஜெபம் சொல்லும்.

ஒரு தடவை எங்கள் அறைக் கூரைத் தட்டியின் மேலே ஏதோ ஊர்கிற சத்தம் கேட்டது. எலி என்றார்கள் சிலர். மரநாய் என்றார்கள் சிலர். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டாள் அவள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி, ஒரு பலகையை நகர்த்தி, டார்ச்சை அடித்துத் தலையை உள்ளே விட்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. எங்களுக்கு யுகமாக இருந்தது. பிறகு மெல்ல இறங்கி, "பாம்பாக்கும். பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு என் மேல் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்து, "இவ்வளவு பயம் இருக்கிறவ எதுக்கு ஏறினே?" என்று கேட்டேன். "பாக்காம இருந்தா இன்னும் பயம் அக்கா" என்றாள். அதைச் சொன்னபோதும் பல் தந்தியடித்தது.

இந்தப் பெண்ணிடம்தான் நான் பொய் சொன்னேன்.

பொன்முடி மலையின் அடியில் கல்லாறு. உருண்டைக் கற்களுக்கு நடுவே கண்ணாடியாக ஓடுகிற ஆறு, அதன் பெயரும் அதுதான், பஸ் நிற்கிற இடத்தின் பெயரும் அதுதான். மலைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கிக் குளிப்பார்கள். கீழே வெயில் அடிக்கும். மேலே எங்கேயோ மேகம் கொட்டும். சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் ஏறும். குளிக்கிறவர்களுக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். அங்கே காவலுக்கு இருந்த வனக்காவலர்கள் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்கள். இவ்வளவு மழை பெய்தால் ஆட்களைக் கரையேற்ற வேண்டும் என்று ஒரு எண்ணைச் சொல்லுங்கள், பலகையில் எழுதிவைத்து அதன்படி செய்கிறோம் என்றார்கள். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்த எண்தான்.

அதற்காகக் கல்லாற்றங்கரையில் ஒரு சாயாக்கடையின் பின்பக்கம் மழைமானி வைத்திருந்தோம். பெரிய மாயமெல்லாம் இல்லை, புனல் வைத்த ஒரு பாத்திரமும் உள்ளே ஒரு குப்பியும். கடைக்கார சேச்சி எஸ்டேட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். காலையில் ஒரு தடவையும், துலா மாதத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு இன்னொரு தடவையும் குப்பித் தண்ணீரை அளந்து எனக்குப் போன் செய்வாள். நான் நோட்டில் எழுதி, கணினியில் அவள் அமைத்துக் கொடுத்திருந்த ஷீட்டில் ஏற்றுவேன். ஆற்றில் தண்ணீர் ஏறுகிற கணக்கைப் பாலத்துத் தூணில் அடையாளம் போட்டுக் காவலர்கள் எடுத்தார்கள். பெருமழையில் பாலத்துக்குப் போக முடியாத நாட்களில் அதுவும் இருக்காது.

சில மத்தியானங்களில் சேச்சியின் போன் வராது. நான் அழைத்தாலும் போகாது. அந்த ஷீட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கும். அடுத்த நாளுக்குப் போக விடாது. முதல் தடவை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். திருவனந்தபுரத்தில் நல்ல வெயில். பூஜ்யம் என்று எழுதினேன். சிவப்பு அடங்கியது. நாளைக்குக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு வேறு வேலை வந்தது. இரண்டாவது தடவை ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை. கை பழகிவிட்டது.

நடுவில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய துரோகம் என்று யாருக்கும் புரியாது. ஒரு சமயம் எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வீட்டில் சொல்லவில்லை. கணவருக்கு ரத்த அழுத்தம், பிள்ளைக்குப் பரீட்சை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் பயத்தை விழுங்கிக்கொண்டு நடந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடியதை அவள் பார்த்துவிட்டாள். துருவித் துருவிக் கேட்டாள். சொன்னேன், அது அதுவாகத்தான் இருக்கும் என்று. "பாத்தியளா, நெனச்சியளா?" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மறுநாள் காலையில் தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து நின்று, கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து என்னை விட அதிகமாக நடுங்கினாள். நீர்க்கட்டி, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவள்தான் இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டு, "பாத்தாச்சு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அதற்கு மூன்றாவது மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற வேலை சூடுபிடித்தது. ஒரு நாள் திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை ஒரு பக்கம், ஆறு ஏறிய அளவு ஒரு பக்கம் என்று, இரண்டு கணக்கும் இருந்த நாட்களுக்குப் புள்ளிகள். மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக ஒரு சாய்வில் ஏறிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் இடது ஓரத்தில் உச்சியில் தனியாக நின்றது. அன்றைக்கு ஆறு பாலத்து அடையாளத்தில் மேல்கோட்டைத் தொட்டிருந்தது. மழை பூஜ்யம்.

ஸார் வந்து பார்த்தார். இதெல்லாம் கருவியின் கோளாறு, ஒற்றைப் புள்ளிதானே, எடுத்துவிட்டு முடி, தேதி நெருங்குகிறது என்றார்.

"பாத்து எழுதினத எப்படி ஸார் எடுக்க?" என்றாள். ஸாரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இந்தப் பூஜ்யம். பாத்ததா, நெனச்சதா?"

எனக்குத் தெரிந்திருந்தது. தேதியைப் பார்த்ததுமே தெரிந்திருந்தது. அந்த வாரம்தான் என் ஒப்பந்தம் புதுப்பிக்க ஸாருடைய மேஜையில் இருந்தது. அது ஒரு காரணம். அவள் முன்னால் மானம் போய்விடுமே என்பது அதை விடப் பெரிய காரணம். இரண்டையும் சேர்த்தாலும் நான் செய்ததற்கு ஈடாகாது என்று இப்போது தெரிகிறது.

"பாத்ததுதான். சேச்சி சொல்லித்தானே எழுதினேன்" என்றேன்.

"செரி அக்கா."

அவ்வளவுதான். சந்தேகத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. திரும்பிக்கொண்டு திரையில் மறுபடி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். கடையில் சொட்டு மழை இல்லாமல் ஆறு பொங்கியது என்றால் மழை மேலே வேறு எங்கேயோ பெய்திருக்க வேண்டும், நம் மழைமானி தப்பான இடத்தில் இருக்கிறது, அதை நம்பி எண் கொடுத்தால் ஆட்கள் சாவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் டப்பாவைக் கழுவப் போனேன். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றேன்.

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை. ஐப்பசி. நான் வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே எங்கேயோ போயிருப்பாள் என்று என் வேலையைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு அவள் மேஜையில் பசை தேடப் போனபோதுதான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். "மழை மேலே எங்க பெய்யுதுன்னு ஆத்தோரமா ஏறிப் போய்ப் பாத்துட்டு வாறேன். ஸாரிட்ட சொல்லண்டாம்."

போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சேச்சிக்குச் செய்தேன். அதுவும் போகவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். நல்ல வெயில்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தம்பானூரில் பொன்முடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடி ஏறினேன். நெடுமங்காடு வரை வெயிலில் கண் கூசியது. எதிர்ப்புறச் சீட்டில் ஒரு குழந்தை முறுக்குத் தின்றுகொண்டு வந்தது. நான் போனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். போகவில்லை, போகவில்லை, போகவில்லை. விதுரை தாண்டி மலை கண்ணில் பட்டதும்தான் எனக்கு அது உறைத்தது. மலையின் மேல் பாதி இல்லை. கருப்பாக மூடியிருந்தது. அங்கே போன் எப்போது போகாமல் இருக்கும்? மழை கொட்டி, இடி இடித்து, போன் கோபுரம் செத்துப்போனால்தான் போகாமல் இருக்கும். நான் பூஜ்யம் எழுதிய நாட்களெல்லாம் சும்மா ஏதோ சில நாட்கள் இல்லை. பெருமழை பெய்த நாட்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் பூஜ்யம் எழுதியிருக்கிறேன்.

கல்லாற்றில் இறங்கும்போது மணி இரண்டு. கற்களின் மேல் வெயில். கடையில் சேச்சி சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"காலைல வந்தா மேடம். ஒரு சாயா. அப்புறம் ஒரு குப்பியும் புனலும் தூக்கிட்டு ஆத்தோரமா மேல போயாச்சு. போகண்டா மோளே, இடி வரும்னு சொன்னேன். பயந்துட்டேதான் நின்னா. பின்னயும் போனா."

அவளுடைய குடை பெஞ்சின் மேல் இருந்தது. இரண்டு கையும் குப்பிக்கு வேண்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சேச்சி காவலரைக் கூப்பிட ஓடினாள். அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

ஆற்றில் ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. மதுரைப் பக்கத்துக் கார். அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பெண்கள். நான் கரையில் நின்று ஏறி வரச் சொன்னேன். அந்த மனிதர் சிரித்தார்.

"இம்புட்டுத் தெளிவா ஓடுதேம்மா. தண்ணி ஏறுனத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்புறம் எதுக்கு விரட்டுறீங்க?"

"எனக்குப் பயமா இருக்கு. குழந்தைகளை மட்டுமாவது தூக்கிண்டு வாங்கோ."

என் முகத்தில் என்ன இருந்ததோ, அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். மனிதர் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வந்தார். தலை துவட்டி முடித்திருக்க மாட்டார்கள், ஆற்றின் நிறம் மாறியது. முதலில் இலைகள் வந்தன. பிறகு பச்சை மண் வாசம். பிறகு, அரிசி ஆலைக்குள் நுழைந்தது போல ஒரு இரைச்சல். அவர்கள் உட்கார்ந்திருந்த கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்த மனிதர் கரையில் விட்டிருந்த செருப்பும் போயிற்று. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. அவள் இந்தத் தண்ணீர் வந்த வழியில்தான் போயிருக்கிறாள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்தக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லாற்றுக்கும் மழை இறங்கிவிட்டது. ஆற்றில் ஒரு மரக்கிளை போனால் அதில் துணி இருக்கிறதா என்று பார்த்தேன். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அவளுடைய தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

காவலர் தனியாகத் திரும்பி வந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். சேச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாலரைக்குத்தான் அவள் வந்தாள். ஆற்று வழியாக இல்லை, மலைப்பாதையில் மேல் வளைவிலிருந்து இறங்கி வந்தாள். உடை முழுக்கச் சேறு, முழங்கை கிழிந்திருந்தது. கையில் குப்பியும் இல்லை, புனலும் இல்லை. என்னைப் பார்த்ததும் நான் எதற்கு வந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. தேம்பினாள்.

"தண்ணில எல கூடுதலா வந்தது அக்கா. பயந்துட்டேன். நின்னு பாக்கல்ல. குப்பிய போட்டுட்டுக் காட்டுக்குள்ள ஏறி ரோட்டுக்கு ஓடிட்டேன். இன்னைக்குள்ள ரீடிங் போச்சு."

அழுதது அதற்காக. நின்று பார்க்காமல் ஓடிவிட்டோமே என்று. உயிரோடு என் முன்னால் நின்றுகொண்டு, ரீடிங் போய்விட்டதே என்று அழுதாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அந்தப் பூஜ்யம் நான் பாக்கல. போன் வரல. நானா எழுதினேன்."

சேச்சி இரண்டு சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே இருந்தவளின் அழுகை நின்றிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன?"

"தெரியல."

"எண்ணுங்க அக்கா."

எண்ணினேன். நினைவில் தோண்டி, பண்டிகையையும் பரீட்சையையும் அடையாளம் வைத்து எண்ணினேன். ஒன்பது வந்தது. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்ற சேச்சி உள்ளே போய்ச் சுவரிலிருந்த காலண்டர்களைக் கழற்றிக்கொண்டு வந்தாள். போன வருஷத்ததும் ஆணியிலேயே கிடந்திருக்கிறது. கட்டங்களுக்குள் பால் கணக்கும், கேஸ் வந்த நாளும், நடுவே பென்சிலில் சின்னச் சின்ன எண்களும்.

"போன் போகாத அன்னைக்கும் நான் அளந்தேன் மேடம். அடுத்த நாள் கேக்கும்னு எழுதி வெச்சேன். நீங்க கேக்கல்ல. வேண்டாயிருக்கும்னு நெனச்சேன்."

ஒன்பதில் ஐந்து நாளுக்கு எண் இருந்தது. மூன்று நாளுக்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்கு மழையில் பின்பக்கம் போகவே முடியவில்லையாம். மிச்சம் இருந்த ஒன்றை, அந்தப் புள்ளியின் நாளை, அவள் விரலால் தேடினாள். ஆறு மேல்கோட்டைத் தொட்ட நாள். அந்தக் கட்டத்தில் எண் இல்லை. மலையாளத்தில் ஒரு சொல் எழுதியிருந்தது: நிறைந்துவிட்டது. குப்பி நிரம்பி, வெளிப்பாத்திரமும் வழிந்து, அளக்க முடியாமல் சேச்சி அப்படி எழுதியிருக்கிறாள். என் நோட்டில் அன்றைக்குப் பூஜ்யம்.

மழைமானி சரியான இடத்தில்தான் இருந்தது. அவள் மேலே ஏறியிருக்கவே வேண்டாம்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நெடுமங்காடு வந்ததும், என்னைத் திட்டு என்றேன். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "நான் கேட்டேனே அக்கா" என்றாள். அவ்வளவு மெதுவாக.

மறுநாள் ஸாரிடம் சொல்லிவிடுவது என்று உறுதியோடு போனேன். எனக்கு முன்னால் அவள் போய்ச் சொல்லியிருந்தாள். ஷீட்டில் காலியாக விட வழி வைக்காதது தன் தப்பு, அதனால் பார்க்காத நாட்கள் பூஜ்யமாகிவிட்டன, திருத்த வேண்டும் என்று. என்னைக் காப்பாற்றச் சொன்னாள் என்று நினைத்தேன். விசாரித்தால், அவள் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். நானும் உள்ளே போய் என் பங்கைச் சொன்னேன். ஸார் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

சமர்ப்பிப்பது நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டாள். மூன்று நாட்களுக்குச் சின்னக் கோடு போட்டு, அடியில் 'பார்க்கப்படவில்லை' என்று எழுதினாள். பட்டம் கிடைத்தது. அவள் கொடுத்த எண் கல்லாற்றங்கரையில் பலகையில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வியை அவள் என்னிடம் பிறகு கேட்கவே இல்லை. மற்ற எல்லோரிடமும் கேட்டாள். புதிதாக வந்த பிள்ளைகளிடம் கேட்டாள், ஸாரிடமே ஒரு தடவை கேட்டுவிட்டாள். என்னிடம் மட்டும் இல்லை. நான் வேண்டுமென்றே போய், வடை தீர்ந்துபோச்சு என்று சொல்லிப் பார்ப்பேன். "செரி அக்கா" என்று இருந்துவிடுவாள். முழுசாக நம்பிவிட்டாளா, என்னைக் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாளா? முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. வானிலை மையத்தில் வேலை கிடைத்து வடக்கே போன நாளில் தம்பானூர் ரயில் நிலையத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"அக்கா, வீட்டுலயா இருக்கிய? என் மேப்புல உங்க தெருவுக்கு நேர் மேல செவப்பாக் காட்டுது. கனத்த மழ. எச்சரிக்க போடணும். அங்க உள்ளவங்க யாரும் போன் எடுக்கல்ல. பெய்யுதா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலியசாலை முழுக்க இருட்டிக்கொண்டு நின்றது. எந்த நிமிஷமும் கொட்டும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, போனோடு முற்றத்துக்குப் போய் உள்ளங்கையை நீட்டினேன். எண்ணிக்கொண்டே நின்றேன். கை காய்ந்தே இருந்தது.

"இல்லை" என்றேன். "பெய்யல."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். பார்த்தேன் என்று சொல்ல வார்த்தையைத் தொண்டையில் வைத்திருந்தேன்.

"செரி அக்கா. பூஜ்யம் போட்டாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனைத் துளசி மாடத்தின் மேல் வைத்துவிட்டு, நான் மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.